ஓடுதளத்துக்குப் பங்கு, தண்டவாளத்துக்கு வரிப்பணம்

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதைப் புதுப்பித்து விமானம் விட வேண்டும் என்ற கோரிக்கை எங்கள் பகுதியில் அவ்வப்போது எழும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால், யார் பணத்தில் என்பதை முதலில் பேசிவிட வேண்டும். விமான நிலையத்துக்குத் தனியார் முதலீடு வரட்டும்; ரயிலுக்கு அரசுதான் பணம் போட வேண்டும் என்பது என் கட்சி.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். சென்னைக்குச் சரக்கோடு போக விடியற்காலைப் பல்லவன் ரயில்தான் எனக்குத் தோது. ஸ்கேன் படத்தை மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருக்கும் நோயாளி, வேலைக்கான நேர்முகத்துக்குப் போகும் பையன், பேரனைப் பார்க்கப் போகும் ஆச்சி என எல்லோரும் அதில்தான் வருகிறார்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தையே வசூலிக்கிறோம் என்று ரயில்வே தன் டிக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. அந்தக் குறையை நஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் யாரும் லாபம் கேட்பதில்லையே.

தனியார் இந்தச் சுமையைத் தூக்க மாட்டார்கள். 2020-ல் 109 வழித்தடங்களில் 151 தனியார் ரயில்கள், 30,000 கோடி ரூபாய் முதலீடு என்று மத்திய அரசு அறிவித்தது. மறு ஆண்டு டெண்டரைத் திறந்தால் விலைப்புள்ளி கொடுத்தவை இரண்டே நிறுவனங்கள். அவற்றிலும் ஒன்று ரயில்வேயின் சொந்த நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. வெள்ளைக்காரன் காலத்தில் கம்பெனிகள்தானே ரயில் விட்டன என்பார்கள். ஆனால், தொடக்ககாலக் கம்பெனிகளுக்கு 5 சதவீத லாபத்தை அரசு உறுதி செய்தது. குறைந்தால் நம் மக்களின் வரிப்பணம் ஈடுகட்டியது.

அதைவிட நல்ல முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலத்தீர்வையோடு ரயிலுக்கென்று தனி வரி வாங்கி, 1894-ல் மாயவரம் – முத்துப்பேட்டை பாதையைத் திறந்தது. பின்னர் அது அறந்தாங்கி வரை நீண்டது. இன்றைய திருவாரூர் – காரைக்குடி தடத்தின் பெரும்பகுதி அப்படி ஊரார் வரியில் பிறந்ததுதான்.

அந்தத் தடம் அகலப்பாதையாகி 2019-ல் முழுவதும் திறக்கப்பட்டபோது கேட் கீப்பர்கள் போதவில்லை. ரயிலிலேயே வந்த ஊழியர்கள் கேட்டுக்குக் கேட் இறங்கி மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு மறுபடி ஏறினார்கள். சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அரசு பணம் போட்டால் மட்டும் போதாது, முழுதாகப் போட வேண்டும்.

விமான நிலையத்தின் கணக்கு வேறு. பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தைப் பயணியிடமே வாங்கலாம். கடை வாடகை, வாகன நிறுத்தம் என்று வரும்படியும் உண்டு. 1999-ல் திறந்த கொச்சி விமான நிலையத்தில் வெளிநாடுவாழ் மலையாளிகள் பணம் போட்டார்கள். பங்குதாரர்களிலேயே பெரிய பங்கைக் கேரள அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார் மண்ணுக்கு இது முடியாத காரியமா? அழகப்பச் செட்டியார் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையே நடத்தியவர். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

அரசு மானியத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சேலம் சாட்சி. மத்திய அரசின் உடான் மானியத் திட்டத்தில் அங்கே 2018-ல் தொடங்கிய விமானம் 2021-ல் நின்று, 2023-ல்தான் மறுபடி வந்தது. எங்களுக்கோ திருச்சியும் மதுரையும் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. விமானம் காத்திருக்கலாம்.

ரயில் காத்திருக்க முடியாது. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இன்றும் மானாமதுரை சுற்றித்தான் ரயிலில் போக வேண்டும். மேலூர் வழியாக நேர்ப்பாதை என்பது நெடுநாள் கோரிக்கை. மத்திய அரசு அதற்கு நிதி ஒதுக்கட்டும்; திருவாரூர் தடத்தில் கூடுதல் ரயில்கள் விடட்டும். ஓடுதள நிலத்தைக் கைவிடாமல் மாநில அரசு ஒரு கம்பெனி தொடங்கிப் பங்கு விற்றால், என்னால் முடிந்ததை நானும் போடுவேன்.