கவுன்சிலருக்கு எதற்கு டெல்லி வம்பு?

"கவுன்சிலருன்னா தண்ணி, ரோடு, லைட்டு பார்க்கணும். டெல்லியைப் பத்திப் பேசறதுக்கு எம்.பி. இருக்காரு." இதைக் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. டீக்கடையில் சொல்கிறார்கள், ஒன்றிய அலுவலக வராந்தாவில் சொல்கிறார்கள். கிராம சபையில் யாராவது எழுந்து மத்திய அரசின் சட்டம் ஒன்றின் பெயரை எடுத்தாலே, "அரசியல் வேணாங்க, ஊர் விஷயத்தைப் பேசுங்க" என்று முன்வரிசையிலிருந்து குரல் வரும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, அதிகாரி, வாத்தியார், வட்டிக்கடைக்காரர் எல்லாரும் ஒரே மாதிரி தலையாட்டும் கருத்துகள் இந்த நாட்டில் சொற்பம். அதில் ஒன்று இது. சுத்தத் தவறும்கூட.

சமவெளியில் இந்தத் தவறு பளிச்சென்று தெரியாது. ஜவ்வாது மலையில் தெரியும். மலை ஒன்று, மாவட்டம் மூன்று. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றியத்தின் 11 ஊராட்சிகள் திருவண்ணாமலைக்கு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு திருப்பத்தூருக்கு. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு வேலூரின் அணைக்கட்டு ஒன்றியத்துக்கு. இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் இன்று ஒரு சம்பந்தமும் இல்லை. சாமை, கேழ்வரகு, புளி, தேன், கடுக்காய், பலா. ஊருக்கும் ஊருக்கும் நடுவே காப்புக்காடு. அந்தக் காப்புக்காடுதான் விஷயமே.

2023 மே மாதம் அணைக்கட்டு பக்கத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், மேலே போக ரோடு இல்லையென்று பாதியில் இறக்கிவிட்டது. மீதி மலைப்பாதை முழுக்கப் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு தாய் நடந்தார். அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. உடனே எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: அந்த ஊர் வார்டு மெம்பர் என்ன செய்துகொண்டிருந்தார், கவுன்சிலர் என்ன செய்துகொண்டிருந்தார்?

நியாயமான கேள்விதான். ஆனால் பதில், கேட்டவர்கள் நினைத்த இடத்தில் இல்லை. காப்புக்காட்டுக்குள் ரோடு போட ஒன்றியக் குழு தீர்மானம் போட்டு நிதி ஒதுக்கினாலும் ஜல்லி இறங்காது. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, வனநிலத்தை வேறு வேலைக்குத் தர மத்திய அரசு சம்மதிக்க வேண்டும். அதாவது கவுன்சிலரின் முதல் கடமை என்று நாம் சொல்லும் அந்த ரோடே டெல்லியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அதை அவிழ்க்கும் சாவியும் டெல்லிச் சட்டம் ஒன்றில்தான் இருக்கிறது. 2006-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, காட்டு ஊர்களுக்கு வேண்டிய 13 வகை வேலைகளுக்கு வனநிலத்தைத் தரலாம் என்கிறது. பள்ளி, ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குளம் என்று போகும் அந்தப் பட்டியலில் குடிநீர்க் குழாய் உண்டு, மின்கம்பி உண்டு, ரோடு உண்டு. தண்ணி, ரோடு, லைட்டு! மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. நிபந்தனைகள் சில. ஒரு வேலைக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். மூன்று மீட்டர் அகலத்தில் பாதை என்றால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே மேல் வரும். அதற்குள் அடங்கும் ஊர் எது, அடங்காத ஊர் எது, அடங்காத ஊருக்கு எப்படி அனுமதி கேட்பது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்தான் மலைக்கு ஏற்ற கவுன்சிலர். "எனக்கு டெல்லி அரசியல் தெரியாதுங்க, ஊர் வேலை மட்டும்தான்" என்று பணிவாகச் சொல்பவரால் ஊர் வேலையும் ஆகாது.

லைட்டு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986-இல் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார். வானம் இருட்டாக இருந்தால்தான் அதற்கு வேலை. ஆகவே அந்தப் பக்கம் தெருவிளக்கு மாட்டுவதில்கூட மத்திய அரசின் விஞ்ஞானிகளுக்கு ஓர் அக்கறை உண்டு. தெருவிளக்கைவிடச் சின்ன விஷயம் கவுன்சிலருக்கு எதைக் கொடுப்பது?

மற்ற மனுக்களைப் பிரித்தாலும் இதே கதை. சாதிச் சான்றிதழ் கேட்டு வருவார்கள். மலையாளிகள் பழங்குடியினர் என்பது குடியரசுத் தலைவர் ஆணைப்படி. அதில் பழைய வடஆற்காடு, தருமபுரி, சேலம் என்று மாவட்டங்களின் பெயர் குறித்திருக்கிறது. ஈரோடு மாவட்ட மலைகளில் இருக்கும் மலையாளிகள் அந்த வரிக்கு வெளியே நின்றுபோனதால் பல்லாண்டுகளாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரியைத் திருத்த நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். நூறு நாள் கூலி வரவில்லை என்று வருவார்கள். 2025 மார்ச்சில், மத்திய அரசு தர வேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று சொல்லி மாநிலமெங்கும் திமுக ஆர்ப்பாட்டம் நடத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்தையே எடுத்துவிட்டு, 125 நாள், செலவில் மாநிலத்துக்கு 40 சதவீதம் என்று புதுச் சட்டம் வந்தது. சாமைக்கு விலை இல்லை என்று வருவார்கள். இந்தியா கேட்டு ஐ.நா. அறிவித்த சர்வதேச சிறுதானிய ஆண்டு 2023. அந்த ஆண்டும் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு இருந்தன. சாமை இல்லை. விருந்துகளில் சாமைப் பொங்கல் பரிமாறினார்கள், விளைவித்தவனுக்கு விலை வைக்கவில்லை. இதை ஒரு ஒன்றியக் கவுன்சிலர் கூட்டத்தில் கேட்டால் அது அரசியலாம்.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களை அம்மாநிலச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் தருமபுரிப் பக்கத்துச் சித்தேரி மலையிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள். மரம் வாங்குபவன் வெளிநாட்டில், கடத்தலுக்குத் தலைவன் வேறெங்கோ, வெட்டுகிற கை மட்டும் மலையுடையது. வேலையில்லாமல் போனார்கள், நிலத்துக்குப் பட்டா இல்லாமல் போனார்கள், தரகன் கொடுத்த முன்பணத்துக்காகப் போனார்கள். இரண்டு மாநில அரசுகள், மனித உரிமை ஆணையம், நீதிமன்றம் எல்லாம் சம்பந்தப்பட்ட இந்த விவகாரத்தில் முதலில் பிணத்தை வாங்கியது ஊர்தான். இதைப் பற்றி எம்.பி. மட்டும் பேசட்டும் என்று அந்த வீட்டு வாசலில் நின்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, கொஞ்சம் கனமானது. கட்சி அரசியல் நுழைந்தால் ஊர் இரண்டாகும். அதனால்தான் சட்டமே ஊராட்சியைக் கட்சிக்கு வெளியே வைத்திருக்கிறது என்பார்கள். பாதி உண்மை. வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் கட்சிச் சின்னத்தில் நிற்க முடியாது. ஆனால் அதே வாக்குச்சாவடியில் பச்சைச் சீட்டும் மஞ்சள் சீட்டும் தருகிறார்கள். பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. இரண்டிலும் கட்சிச் சின்னங்கள்தான். சின்னத்தைக் காட்டி ஓட்டு வாங்கு, ஜெயித்தபின் அந்தக் கட்சி டெல்லியில் எப்படி ஓட்டுப் போட்டது என்று மட்டும் பேசாதே என்பது என்ன நியாயம்? கட்சிகளும் லேசுப்பட்டவை அல்ல. 2020 அக்டோபர் 2 கிராம சபைகளில் வேளாண் சட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் போடச் சொல்லி அன்றைய எதிர்க்கட்சி அழைத்தது. கொரோனாவைச் சொல்லி அன்றைய அரசு கூட்டங்களையே ரத்து செய்தது. கிராம சபைக்கு வலு இல்லையென்றால் அதை எதற்குப் பூட்ட வேண்டும்?

வலு உண்டு என்பதற்கு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி சாட்சி. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது தெரிந்ததும், அந்த மாதமே கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். பிறகு சட்டமன்றத் தீர்மானம், மதுரையை நோக்கிப் பேரணி. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் காகிதம் அதுதான். சுரங்கம் மத்திய அரசு விஷயம், நமக்கு வாய்க்கால் போதும் என்று அன்று ஊர் கலைந்து போயிருந்தால் வாய்க்காலும் மிஞ்சியிருக்காது.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கவுன்சிலர்கள் நாட்டு நடப்பு பேசவே இல்லையா என்றால், பேசுகிறார்கள். தலைவர் பிறந்தநாளில் பேசுகிறார்கள், ஃபிளெக்ஸில் பேசுகிறார்கள், "வருங்காலப் பாரதமே" என்று தலைக்கு மேல் கைகூப்பிப் பேசுகிறார்கள். மக்களுக்கு அலுத்துப் போனது இதுதான், அலுப்பு நியாயம். ஆனால் நான் கேட்பது வேறு. தன் ஒன்றியத்து மனு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் நிற்கிறது, அந்தப் பிரிவைத் தன் கட்சி திருத்தியதா, எதிர்த்ததா, தூங்கியதா என்று சொல்லும் பேச்சு. அதற்கு மைக் வேண்டாம், கொஞ்சம் படிப்பும் கொஞ்சம் துணிச்சலும் போதும்.

அந்தப் பேச்சுக்கு வன உரிமைச் சட்டம் நாற்காலியே போட்டு வைத்திருக்கிறது. நிலத்துக்கு உரிமை கேட்கும் மனுவை முதலில் கிராம சபை பார்க்கும். அடுத்தது கோட்ட அளவிலான குழு. அதில் கோட்டாட்சியர், வன அதிகாரி, பழங்குடியினர் நல அதிகாரி, இவர்களோடு ஒன்றிய அளவிலான மூன்று மக்கள் பிரதிநிதிகள். மாவட்ட ஊராட்சி நியமிக்க வேண்டும், இருவராவது பழங்குடியினராக இருக்க வேண்டும், ஒருவர் பெண். ஆக, டெல்லிச் சட்டத்தின்படி ஒரு குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை நிலஉரிமை உண்டா இல்லையா என்று விசாரிக்கும் இடத்தில் ஜமுனாமரத்தூர் கவுன்சிலர் உட்காரலாம். வனத்துறை அதிகாரி "இது ஆக்கிரமிப்பு" என்று சொன்னால், "2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே உழுகிறார்கள், இந்தா ஆதாரம்" என்று முகத்துக்கு நேரே சொல்லலாம்.

உட்கார்ந்தார்களா? 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம், தன் அனுமதி இல்லாமல் இந்தச் சட்டத்தில் உரிமைப் பத்திரம் தரக்கூடாது என்று கட்டிப்போட்டது. 2016 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டை அவிழ்த்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாக இல்லை என்று தொடுத்த வழக்கில் தேர்தல் அறிவிப்பு ரத்தானது, பிறகு தொகுதி வரையறை என்று இழுத்தார்கள். திருவண்ணாமலைப் பக்கம் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. வேலூர், திருப்பத்தூர் பக்கம் 2021 அக்டோபர் வரை, ஐந்து முழு ஆண்டுகள், கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்கள்தான். உரிமைப் பத்திரம் கொடுக்க வழி திறந்த நேரத்தில் கேட்டு வாங்க வேண்டியவர்களின் நாற்காலி காலி.

மறுபடியும் அதே நடந்தது. திருவண்ணாமலை மாவட்ட ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை உட்காரவைத்தார்கள். ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243-ஈ பிரிவு சொல்கிறது. புதூர்நாட்டில் அப்போதும் கவுன்சிலர் இருந்தார். ஜமுனாமரத்தூரில், இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி ஒரு கண்டனத் தீர்மானம் கொண்டுவரக்கூட ஒன்றியக் குழு என்று ஒன்று இருக்கவில்லை.