திருநீறு வாங்கிய விரல்கள்

திருநீறு வாங்க நீட்டிய அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. நகங்கள் கறுத்திருந்தன. இரண்டு விரல்களில் நகமே இல்லை. பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில் வெள்ளிக்கிழமை பூசை. நான் அங்கே தேவார வகுப்பு நடத்திக்கொண்டிருந்த காலம். அந்த அக்காள் செம்பனைக் காட்டில் களைக்கு மருந்து அடிப்பவர். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நிரைக்குள் போனால் மதியம்தான் வெளியே வருவார். “மருந்து பட்டா இப்படித்தான் வாத்தியாரே, திரும்ப மொளச்சிடும்” என்றார். நான் திருநீற்றை வைத்துவிட்டு அடுத்த கைக்குப் போய்விட்டேன்.

நான் மட்டுமில்லை. கோயில் தலைவர், செயலாளர், உபயகாரர், சமய வகுப்பு எடுத்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் அடுத்த கைக்குப் போனோம். கும்பாபிஷேகத்துக்குக் கூலிம், சுங்கை பட்டாணி என்று அலைந்து வசூல் செய்தோம். மருந்தடிக்கும் பெண்களும் சம்பளத்திலிருந்து ஐம்பது வெள்ளி கொடுத்தார்கள். அவர்கள் மூக்கில் ரத்தம் வடிவதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை.

அந்த மருந்து பாராகுவாட் என்ற களைக்கொல்லி. உள்ளே போனால் முறிக்க மாற்று மருந்து கிடையாது. 2002-ல் தெனாகானித்தா அமைப்பு தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அந்த அமைப்பை நடத்திய ஐரின் பெர்னாண்டஸ் நம் சுங்கை பட்டாணியில் பிறந்தவர்; ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுக் கிறிஸ்தவ இளம் தொழிலாளர் இயக்கத்துக்குப் போனவர். அவருடைய சமயம் அவரைத் தொழிலாளியிடம் கூட்டிப் போனது. நம் சமயம் நம்மை மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டது என்று எழுதப் போனேன். சமயத்தின் மேல் பழி போடுவது தப்பு. உட்கார்ந்துகொண்டது நாம்தான்.

அதே 2002-ல் மலேசிய அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-ல் தளர்த்தியது. முழுத் தடை வர 2020 ஜனவரி ஆயிற்று. இடைப்பட்ட பதினான்கு ஆண்டில் நான் உட்கார்ந்திருந்த எந்தக் கோயில் பொதுக்கூட்டத்திலும் இதற்கென்று ஒரு தீர்மானம் போடவில்லை.

சொல்லிக்கொடுக்க நம்மிடம் விஷயம் இல்லாமலா? புளோரிடா பல்கலைக்கழகத்தின் சமயத்துறைப் பேராசிரியர் வசுதா நாராயணன் 1997-ல் ‘ஒரு மரம் பத்துப் பிள்ளைகளுக்குச் சமம்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பார்வதி அசோகக் கன்றைப் பிள்ளையாக வளர்த்த மச்ச புராணக் கதையிலிருந்து வந்த தலைப்பு அது. திருப்பதியில் பக்தர்களுக்கு மரக்கன்றைப் பிரசாதமாகக் கொடுப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். உலகம் இறைவனின் உடல் என்கிற தத்துவம் எவ்வளவு உயர்ந்ததானாலும், மனிதரை எழுப்பி வேலைக்கு இறக்குவது தர்மம்தான் என்பது அவர் வாதத்தின் உயிர். நம் வகுப்பில் தத்துவத்தோடு நிறுத்திக்கொண்டோம். ஐம்பூதத்திலும் அவன் இருக்கிறான் என்று பிள்ளைகளைப் பாட வைத்தோம். அந்தப் பிள்ளைகள் குளித்த வாய்க்காலில்தான் அம்மாக்கள் மருந்து டின்னைக் கழுவினார்கள்.

அதே 1997-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இந்து சமயமும் சூழலும் பற்றி மாநாடு நடந்தது. ஹார்வர்ட் என்றால் கெடாக்காரருக்கு பீடோங் பக்கத்துத் தோட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஏ.எம். சாமி தலைமையில் அங்கே எழுந்த தொண்டர் படை 1947-ல் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றது. போலீஸோடு மோதல் வந்தது, அப்படியும் நின்றார்கள். விடியுமுன் உளியும் வாளியுமாக வெட்டுக்காட்டுக்குப் போன சனங்கள், தங்களைக் கொல்வது எது என்று தெரிந்து அதன் வாசலிலேயே மறியல் செய்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் சங்கம் வைத்தோம், மண்டபம் கட்டினோம், தரைக்கு ஓடு பதித்தோம். அடுத்த விஷம் வந்தபோது எங்கே போனோம்?

போன மாதம் அந்த அக்காளைப் பார்க்கப் போனேன். தோட்டம் கைமாறிவிட்டது, மகளோடு தாமானில் மலிவு வீட்டில் இருக்கிறார். எத்தனை வருஷம் மருந்தடித்தீர்கள் என்று கேட்டேன். அந்த விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார். கூட அடித்தவர்கள் ஆறு பேரின் பெயரைச் சொன்னார். என் பையில் இருந்தது கோயில் உபய நோட்டு மட்டும். அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.