முன்பதிவு செய்தவர் முதலாளி அல்ல

"குறைந்தபட்ச ஆர்டருக்குக் கீழே எவரும் பாகம் தரமாட்டார்கள், முன்பதிவுப் பணம் இல்லாமல் சிறு தயாரிப்பு நடக்காது" என்கிறார்கள். முதல் பாதி சரி. மறுபாதிக்கு ‘பண்டோரா’ கையடக்கக் கணினியே பதில். 2008 செப்டம்பரில் 4,000 கருவிகளுக்கு முன்பதிவைத் திறந்தார்கள். சிப் கிடைத்தது, ஆனால் பிளாஸ்டிக் உறையின் அச்சும் கட்டைவிரலால் நகர்த்தும் குமிழ்களும் சரிவராமல் இழுத்தடித்தன. முதல் கருவிகள் வாங்கியவர் கைக்குப் போனது 2010 மே மாதம்! பணம் கட்டிப் பல வருடம் காத்திருந்தவர்களும் உண்டு.

உறை வராமல் சிப்பை மட்டும் வைத்து என்ன செய்வது? முன்பணம் கட்டியவருக்குப் பங்கும் இல்லை, வட்டியும் இல்லை. நஷ்டம் மட்டும் வாங்குபவருக்கு. இது அநியாயம். அச்சு முடிந்து, வேலை செய்யும் மாதிரியைக் காட்டிவிட்டுப் பாகங்களுக்குப் பணம் கேளுங்கள். அதையும் தனிக் கணக்கில் வையுங்கள்.