ஊதாவும் கத்தரிப்பூவும்: நிறப்பெயராய்வில் ஒரு மறுப்பு

‘தமிழர்க்கு ஊதா நிறத்தைக் குறிக்கச் சொந்தச் சொல் இல்லை, எனவே அந்நிறத்தை அவர்கள் தனித்து அறிந்திலர்’ என்னும் கருத்து நிறப்பெயர் குறித்த உரையாடல்களில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. இதன் முற்பகுதி அரை உண்மை, பிற்பகுதி முழுப்பிழை. சொல் இல்லையேல் காட்சியும் இல்லை என்னும் இவ்வாதம் புதியதன்று. ஹோமரின் காப்பியங்களை ஆராய்ந்த கிளாட்ஸ்டன் 1858இல், பண்டைக் கிரேக்கரின் நிறவுணர்வே வளர்ச்சி குன்றியது என எழுதினார். அங்கே கைவிடப்பட்ட வாதத்தை இங்கே மீண்டும் எடுத்தாள்வது வியப்பிற்குரியது.

குறுந்தொகையின் மூன்றாம் பாடலை நோக்குக. தேவகுலத்தார் குறிஞ்சியின் தண்டினைக் கரியது என்கிறார். பூவிலிருந்து தேன் உருவாவதைச் சொல்கிறார். பூவின் நிறத்தை மட்டும் சொல்லவில்லை. மலைச்சரிவு முழுவதும் நீலஊதாவாகப் பூத்திருப்பதை அவர் காணவில்லை என்று கொள்வார் எவருமிலர். குறிஞ்சி என்றாலே அதன் நிறமும் கேட்போர்க்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்வது மிகை. காயாம்பூவை மயிலின் கழுத்தோடு ஒப்பிடும் சங்கப் புலவர்களும், திருமாலைக் காயாம்பூ வண்ணன் எனப் பாடிய அடியவர்களும் நிறத்தைப் பொருளின் வழியே உணர்த்தினர். தொல்காப்பிய உரியியலோ கறுப்பு, சிவப்பு என்பவற்றிற்கு முதலில் வெகுளிப் பொருளைக் கூறி, அதன் பின்னரே அவை நிறத்தையும் உணர்த்தும் என்கிறது. நிறச்சொல் என்பது நிறத்திற்கு ஒட்டிய சீட்டு அன்று என்பது நம் இலக்கணத்திற்குத் தெரிந்தே இருந்தது.

இன்றைய ஆய்வாளர் பெரிதும் கைக்கொள்ளும் அளவுகோல் பெர்லின், கே ஆகிய இருவர் 1969இல் வகுத்தது. ஒரு பொருளின் பெயராகவும் விளங்கும் நிறச்சொல் அவ்வளவுகோலின்படி ஐயத்திற்குரியது. அண்மையில் கடனாகப் பெற்ற சொல்லும் அவ்வாறே. இதனை இயந்திரம் போலப் பொருத்தினால் ‘கத்தரிப்பூ நிறம்’ பொருட்பெயர் என்று விலக்கப்படும். ‘ஊதா’ உருதுவின் உறவுடையது என்று ஒதுக்கப்படும். எஞ்சுவது ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலத்தின் ‘வயலட்’ ஒரு பூவின் பெயர். அதுவும் பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘பர்ப்பிள்’ கிரேக்கம், இலத்தீன் வழி வந்த சிப்பிச் சாயத்தின் பெயர். ‘ஆரஞ்சு’ ஒரு பழம். அதன் மூலம் திராவிடமே என மொழிநூலார் பலர் கருதுவர். அவர்க்குச் சலுகை, நமக்குச் சட்டமா?

இவ்வினாவிற்கு விடை தேடுவோர் நூலகத்தை விட்டு நந்திதுர்க் செல்வது நலம். கோலார் தங்கவயலின் பெருஞ்சுரங்கங்களுள் ஒன்று அது. சுரங்கப் பணிக்கென வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர், லைன் வீடுகளில் தெலுங்கர், கன்னடர், உருது பேசுவோர் ஆகியோர்க்கு அண்டை அயலாராயினர். இம்மொழிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இந்நிறத்தைத் தமிழர் கத்தரிப்பூவால் சுட்டுவர். தெலுங்கர் கத்தரிக்காயைக் கொண்டு ‘வங்காய ரங்கு’ என்பர். உருதுவின் ‘பைங்கனி’யும் கத்தரியே. கன்னடத்தின் ‘நேரளெ’ நாவற்பழம். சந்தையிலும் சமையற்கட்டிலும் பிறந்த பெயர்கள் இவை. இவற்றிடையே ‘ஊதா’ ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற்குப் புடவைக் கடையிலோ சாயக்கடையிலோ தாவியிருந்தால் அதில் இழுக்கு யாது?

தங்கவயலைச் சொல்லும்போது மற்றொன்றும் நினைவிற்கு வருகிறது. கரைசலாகிவிட்ட தங்கம் கண்ணுக்குத் தெரியாது. அதில் வெள்ளீயக் குளோரைடைச் சேர்த்தால் மிக நுண்ணிய பொன்துகள்கள் தோன்றி, நீர் ஊதாச் சாயலைப் பெறும். பதினேழாம் நூற்றாண்டு முதல் ‘காசியசின் ஊதா’ எனப்படும் இந்நிறத்தின் நுட்பத்தை ஆராய்ந்த சிக்மாண்டி 1925ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ‘பொன்னிறம்’ என்றால் மஞ்சள் என்று எழுதி முடிக்கும் அகராதிக்காரர், பொன் ஊதாவாகவும் நிற்கும் என்பதை அறிதல் வேண்டும்.

‘ஊதா’வை நீக்கிச் செந்நீலம், கருஞ்செந்நீலம் என ஒட்டுச்சொற்களை ஆக்கித் தருவோரும் மேற்கண்ட பிழையையே மறுபுறமிருந்து செய்கின்றனர். மக்கள் நாவில் உள்ளதைச் சொல்லன்று எனத் தள்ளுவதில் இருதிறத்தாரும் ஒன்றே. மேலும் நிறமாலையின் விளிம்பில் தனித்து நிற்கும் ஊதா ஒளி வேறு. சிவப்பும் நீலமும் கலந்து கண்ணில் தோன்றும் செவ்வூதா வேறு. இவ்வேறுபாட்டை அவ்வொட்டுச்சொற்கள் தெளிவாக்கவில்லை, குழப்பவே செய்கின்றன.

28.02.2001 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவோரின் ஊராகத் தங்கவயல் மாறிற்று. நான்கு மொழிகள் ஒரு குழாயடியில் கலந்து பேசிய தலைமுறை முதுமையெய்திவிட்டது. எந்தச் சேலையை எந்தப் பெயரால் அழைத்தனர், எந்தச் சொல்லை எவரிடமிருந்து பெற்றனர் என்பதை அவர்கள்தாம் கூறவியலும். ‘தமிழில் இல்லை’ என்று தீர்ப்பெழுதும் முன், நந்திதுர்க்கின் லைன்களில் ஒரு நிற அட்டையோடு சென்று வினவுவதே தமிழ்த்துறையினரின் முதற்பணியாதல் வேண்டும். அங்குக் கிடைப்பவை வழங்கிடக் குறிப்போடு அகராதியில் இடம்பெறல் வேண்டும்.