மேய்ச்சலைத் தடுத்தால் பறவை வாழுமா?

1938 நவம்பர் 12 அன்று, இன்றைய ராஜஸ்தானில் உள்ள பரத்பூர் மன்னரின் வேட்டைக்களத்தில், வைஸ்ராய் லின்லித்கோவும் சக விருந்தினர்களும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அது அரச விருந்து எனப்பட்டது. அதே சதுப்பு நிலம் கியோலாதேவ் தேசியப் பூங்காவான பின், அங்கே எருமை மேய்த்துவந்த கிராமத்து ஏழைகள் பறவைகளின் எதிரிகளாக்கப்பட்டனர். 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது, உயிர்கள் பறிபோயின.

பறவைகளாவது பயன்பெற்றனவா? இல்லை. எருமைகள் மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்த புல், தடைக்குப் பின் மண்டி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீரை நாடும் வாத்துகளுக்கு இடம் சுருங்கியது. மேய்ச்சல் அச்சூழலின் பிரிக்கவியலாத அங்கம் என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வே கூறியது. புல்லறுத்துச் செல்ல அதே கிராமத்தினரைப் பின்னர் அனுமதிக்க வேண்டியதாயிற்று.

இப்படிப்பினையை ஆளும் வர்க்கம் கற்கவில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அது தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டது. பர்கூர் மலைமாடுகளை நம்பி வாழும் குடும்பங்களின் கவலை அதனால் தீர்ந்துவிடவில்லை.

மறுபுறம், அருகிவரும் கானமயிலின் வாழிடமான தார்ப் பாலைவனப் புல்வெளிகள் ‘தரிசு’ என்ற பெயரில் சூரிய மின் நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. மின்கம்பிகளில் மோதிக் கானமயில்கள் மடிவதால், அவற்றைப் பூமிக்கடியில் பதிக்க உச்சநீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. ஒன்றிய அரசு முறையிட்டதைத் தொடர்ந்து 2024இல் அவ்வுத்தரவு தளர்த்தப்பட்டது. ஆடு மாடு மேய்ப்பவனுக்குத் தடை, மூலதனத்துக்கு விலக்கு!

வரம்பற்ற மேய்ச்சல் புல்வெளியைக் கெடுக்கும் என்பது உண்மையே. எங்கே, எப்போது, எத்தனை கால்நடைகள் என்பதையும், பறவைகள் முட்டையிடும் பருவத்தில் எந்தப் பகுதியை ஒதுக்குவது என்பதையும் முறைப்படுத்தத்தான் வேண்டும். அதை முடிவு செய்யும் இடம் கிராம சபை. துணைநிற்க வேண்டியது அறிவியல். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், நாடோடி மேய்ப்பர்களுடையது உள்ளிட்ட மேய்ச்சல் உரிமையைச் சமூக உரிமையாக அங்கீகரிக்கிறது. இடதுசாரிகளின் வலுவான போராட்டத்தால் வென்றெடுக்கப்பட்ட அச்சட்டத்தை முழுமையாக அமலாக்கப் போராடுவது, மேய்ப்பரின் வாழ்வுக்கான போராட்டம் மட்டுமல்ல. புல்வெளிக்கும் பறவைக்குமான போராட்டமும் ஆகும்.