தீவகத்துக்குக் கைபேசி அனுப்புவோருக்கு

ரொறன்ரோவிலிருந்து மண்கும்பானில் உள்ள பெற்றோருக்குக் கைபேசி வாங்கி அனுப்புவோர் பெரும்பாலும் கமராவையும் நினைவகத்தையுமே பார்க்கின்றனர். அக்கருவி எந்தெந்த அலைவரிசைகளில் இயங்கும் என்று கேட்பவர் அரிது. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

இலங்கையில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை 900, 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகள். வட அமெரிக்காவிலோ 700, 850, 1900 என்று கணக்கு வேறு. அச்சந்தைக்கென்றே செய்யப்பட்ட மலிவான கருவிகள் சிலவற்றில் 900 இராது. குறைந்த அலைவரிசையே நெடுந்தூரம் செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். கோபுரத்துக்கு எட்டவுள்ள வீட்டில் அது இல்லாவிட்டால், அம்மா பேசுவதற்கு முற்றத்துக்கு வரவேண்டியதுதான். பெயர் ஒன்றாயினும் நாட்டுக்கு நாடு மாதிரி இலக்கம் வேறுபடும். பெட்டியில் அதைப் பாருங்கள்.

வீட்டில் வைஃபை இருந்தால் நல்லது. அதிலும் அறை தாண்டி வருவது 2.4 கிகாஹேர்ட்ஸே, வேகமான 5 அன்று. புளூடூத் (பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னனின் பட்டப்பெயராம்!) செவிப்புலன் கருவி அணிந்தோருக்கு உதவலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டுக் கருவியில் 4ஜி இணையம் இயங்கினாலும், 4ஜி வழியான குரலழைப்பை உள்ளூர் நிறுவனம் அதற்கு வழங்காதிருக்கலாம். என்னைக் கேட்டால், பணத்தை அனுப்புங்கள். பண்ணைப் பாலத்தைக் கடந்தால் யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொள்வார்கள்.