மருந்து, ரவை, டி.வி.

துப்பாக்கி பிடிக்கும் என்று சொன்னால் நம்மூரில் இரண்டு அடி தள்ளி நின்றுதான் பேசுகிறார்கள். கிரிக்கெட் பிடிக்கும் என்கிறவன் எல்லாம் மட்டையோடவா அலைகிறான்? இதுவும் அப்படித்தான் ஸார். பார்க்கப் பிடிக்கும், படிக்கப் பிடிக்கும். வாங்கத்தான் முடியாது.

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கேட்டுப் போனால், 'உங்களை யாராவது மிரட்டறாங்களா?' என்பார்கள். வீட்டுக்காரர் மாசம் பிறந்தால் மிரட்டுகிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது. 'சும்மா, ஒரு ஆசை' என்று எழுத ஃபாரத்தில் இடம் கிடையாது. தப்பித் தவறிக் கிடைத்தாலும், தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வரவேண்டும். நம் நாட்டில் தேர்தல் இல்லாத வருஷம் எது?

ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு ஒரே புகலிடம் டி.வி.தான். அதுவும் பழைய டி.வி.

சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. எண்பதுகளில் சாலிடேர், டயனோரா பெட்டிகளின் முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கும். மொட்டை மாடியில் ஆன்டெனா, அதன் மேல் காக்கா. காக்கா பறந்தால் படம் ஆடும். தேசிய ஒளிபரப்பு முழுக்க இந்தி. 1988-ல் 'பரம்வீர் சக்ரா', 1989-ல் 'ஃபௌஜி' (அதில் வந்த ஒல்லிப் பையன்தான் பின்னாளைய ஷாருக் கான்). வசனம் ஒன்றும் புரியாது. ஆனால் துப்பாக்கிக்கு பாஷை கிடையாது பாருங்கள், டப்பிங் இல்லாமலே புரிந்தது.

என்ன, டி.வி. துப்பாக்கி நிறையப் பொய் சொல்லும். ரிவால்வரில் வழக்கமாக ஆறு அறை. ஹீரோ பதினொன்று சுடுவார். அதைக்கூட மன்னிக்கலாம், ஹீரோ பாவம் கணக்கில் வீக். மன்னிக்க முடியாத பொய் ஒன்று உண்டு. தூரத்து மலையில் நெருப்பு தெரிகிற அதே நொடியில் 'டுமீல்' என்று சத்தமும் கேட்கும். இது நடக்காத காரியம். சத்தம் ஒரு கிலோமீட்டர் நடந்து வர கிட்டத்தட்ட மூன்று விநாடி எடுத்துக்கொள்ளும். முதலில் வெளிச்சம், பிறகுதான் சத்தம்.

சந்தேகம் இருந்தால் சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய அறுபது கிலோமீட்டரில் பழவேற்காடு இருக்கிறது. ஒரு ராக்கெட் நாளில் போய் நில்லுங்கள். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அங்கிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். வடக்கே வானத்தில் ஆரஞ்சு வெளிச்சம் கிளம்பும். ஊரே 'ஹோ' என்று கத்தும். ராக்கெட் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும், பழைய ஊமைப்படம் மாதிரி. ஒன்றரை நிமிஷத்துக்கும் மேலாகி, அது எங்கோ போன பிறகுதான் அடிவயிற்றில் உறுமல் வந்து சேரும்.

துப்பாக்கிப் பிரியர்களுக்குப் பழவேற்காடு ஒரு க்ஷேத்திரம். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, பூநாரை, இறால், நண்டு என்றுதான் டூரிஸ்ட் புத்தகங்கள் சொல்லும். பூநாரை மேல் எனக்கும் மரியாதை உண்டு. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அதைச் சுடுகிறவனுக்கு ஜெயில்தான். நான் சொல்வது வேறு. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே 'கெல்ட்ரியா' என்று ஒரு கோட்டை கட்டி முடித்தார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். துணி வாங்கினார்கள், கப்பலில் ஏற்றினார்கள். மனிதர்களையும் அடிமைகளாக வாங்கி படேவியாவுக்கு ஏற்றினார்கள். கூடவே வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றும் நடத்தினார்கள். கிழக்குத் தீவுகளிலிருந்த டச்சுக் கோட்டைகளுக்கும், ஊர் திரும்பும் கப்பல்களுக்கும் மருந்து போனது இந்த ஏரிக்கரையிலிருந்துதான்!

'மருந்து' என்கிறேன் பாருங்கள். உயிரைக் காப்பாற்றுவதும் மருந்து, உயிரை எடுப்பதும் மருந்து. தமிழனின் குசும்புக்கு அளவே இல்லை. உப்புமா செய்வதும் ரவை, நாட்டுத் துப்பாக்கியில் போடுவதும் ரவை. 'துப்பாக்கி' துருக்கியிலிருந்து வந்த வார்த்தை. பரங்கிக்காரன் கொண்டுவந்ததால் அது 'பீரங்கி'. சமாசாரம் இறக்குமதி, நக்கல் மட்டும் உள்ளூர்.

மருந்து செய்முறை சுலபம்தான். வெடியுப்பு எழுபத்தைந்து பங்கு, கரி பதினைந்து, கந்தகம் பத்து. (வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், வீடு வாடகை வீடு.) இதற்குப் பரம எதிரி ஈரம். போயும் போயும் உப்புக்காற்று அடிக்கிற ஏரிக்கரையில் வந்து செய்திருக்கிறான் டச்சுக்காரன்! 1690 வாக்கில் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். பிறகு வெள்ளைக்காரனும் டச்சுக்காரனும் மாறி மாறிப் பிடித்து, கடைசியில் 1825-ல் ஊர் வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. இன்றைக்குக் கோட்டை முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு பத்திரமாக இருக்கிறது. பக்கத்தில் கோட்டைக்குப்பம் என்று ஒரு மீனவர் கிராமம். கோட்டை பெயரில் மிச்சம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுபடி டி.வி.க்கு வருகிறேன். 1990-ல் தூர்தர்ஷனில் 'தி ஸ்வார்ட் ஆஃப் திப்பு சுல்தான்' வந்தது, ஞாபகம் இருக்கிறதா? 'இது கற்பனை' என்று கார்டு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அதைப் படமாக்கும்போது 1989 பிப்ரவரியில் மைசூர் ஸ்டூடியோவில் தீப்பிடித்து 62 பேர் இறந்துபோனார்கள். நடித்து இயக்கிய சஞ்சய் கான் பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தலைப்பில் வாள் இருந்தாலும், திப்புவின் நிஜமான பெருமை ராக்கெட்தான். இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து, மூங்கிலில் கட்டிப் பறக்கவிட்டார்கள். 1780-ல் நம்ம காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் கம்பெனிப் படை அதில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் ராக்கெட்டுகளை லண்டனுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். காங்க்ரீவ் ராக்கெட் பிறந்தது. அறுபதுகளில் அப்துல் கலாம் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவுக்குப் போனபோது, நாஸாவின் வரவேற்பறையில் திப்புவின் ராக்கெட் படை ஓவியமாக மாட்டியிருந்ததைப் பார்த்து அசந்துபோனதாக எழுதியிருக்கிறார்.

அதே கலாம் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3, 1980 ஜூலை 18-ல் எங்கிருந்து வெற்றிகரமாகப் பறந்தது? ஸ்ரீஹரிகோட்டா. அது எங்கே இருக்கிறது? பழவேற்காடு ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கிற தீவு அது! பெரிய ராக்கெட்டுகளின் திட எரிபொருளை அங்கேயே வார்க்கிறார்கள். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் மட்டும் சுமார் 138 டன். வெடியுப்புக்குப் பதில் அம்மோனியம் பெர்குளோரேட், கரிக்குப் பதில் அலுமினியத் தூள். டச்சுக்காரன் தெற்குக் கரையில் மருந்து இடித்தான். நாம் கிழக்குக் கரையில் மருந்து வார்க்கிறோம். ஏரி ஒன்றுதான்.

இனி ஒரு சீரியஸ் விஷயம். துப்பாக்கி கற்றுக்கொடுக்கிறவர்கள் முதல் நாளே சொல்லும் விதி: 'சுடுவதற்கு முன்னால், குறிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்.' இஸ்ரோ இந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. ராக்கெட் நாளில் கடலுக்குப் போகாதீர்கள் என்று சுற்று வட்டார மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்விடும். நியாயம்தான், யார் தலையிலும் எதுவும் விழக்கூடாது.

ஆனால் 2019 ஜூலை 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரயான்-2. கிளம்ப 56 நிமிஷம் இருக்கும்போது கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். மறுபடி 22-ம் தேதி ஏவினார்கள். நமக்கு டி.வி.யில் ஒரு வாரம் கூடுதல் சஸ்பென்ஸ். கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போட்டவருக்கு ஒரே ராக்கெட்டுக்காக இரண்டு நாள். ஏரிக்குள்ளே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை போடுவது என்று குப்பத்து ஜனங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு நாள் என்றால் என்ன விலை என்று அவர்களிடம் கேட்க வேண்டும். தவறவிட்ட நாளை மீன் வந்து திருப்பித் தராது. தீவு ஏவுதளமானபோது அங்கே குடியிருந்த யானாதி குடும்பங்கள் இடம் பெயர்ந்ததும் இதே கணக்கில்தான் சேரும்.

ராக்கெட் வேண்டாம் என்று எவனும் சொல்லவில்லை. கரையில் நின்று முதலில் கைதட்டுவதே அந்தக் குப்பத்துப் பிள்ளைகள்தான். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணும்போது, அன்றைக்குக் கரையில் கிடக்கிற படகுகளையும் சேர்த்து எண்ணுங்கள் என்பதுதான் என் சின்ன விண்ணப்பம். டி.வி. கேமரா நெருப்பை மட்டும்தான் காட்டும், அந்தக் காலத்திலும் சரி, இந்தக் காலத்திலும் சரி.

வெளிச்சம் டெல்லிக்கு உடனே தெரிந்துவிடுகிறது. குப்பத்துச் சத்தம் போய்ச் சேரத்தான் கொஞ்சம் நேரமாகிறது.